பந்து எத்தனை மீதி, ஆள் எத்தனை மீதி? சுங்கை சிப்புட் வாசகர்களின் கிரிக்கெட் கேள்விகள்

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கிரிக்கெட் பார்க்க ஆசை, ஆனால் ஒன்றும் புரியவில்லை என்பவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று. வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான், எங்கள் காலத்தில் திடல் என்றால் காற்பந்து, வேறு பேச்சே கிடையாது. எனக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா. ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் வட்டம் போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்துக் காட்டுவார். முதல் நாள் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பந்து எத்தனை மீதி, ஆள் எத்தனை மீதி, இந்த ரெண்டையும் பாரு. மத்ததெல்லாம் தானா வரும்." இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் அதைப் பிடித்துக்கொண்டேதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. மாமியார் வீட்டில் மாமனார் முதல் சின்னக் கொழுந்தன் வரை எல்லாரும் ஐபிஎல் வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாரும் கத்தும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லித் தர முடியுமா?
(ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தாராளமாகச் சொல்கிறேன் தங்கச்சி. பெரிய வட்டமான திடல், அதன் நடுவில் புல் வெட்டி உருட்டிய ஒரு நீளத் துண்டு தரை. அதற்குப் பெயர் பிட்ச். இரண்டு முனையிலும் மும்மூன்று குச்சி நட்டிருப்பார்கள், அவைதான் ஸ்டம்ப். ஒரு முனை ஸ்டம்பிலிருந்து அடுத்த முனை ஸ்டம்ப் வரை 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். நம் ஊரில் பூப்பந்து மைதானம் பார்க்காதவர் யாரும் இல்லை, அந்த மைதானத்தின் நீளத்தில் ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்டம்பும் சேர்ந்து அகலம் சரியாக ஒரு சாண், உயரம் மூன்று சாணுக்குக் கொஞ்சம் மேல். தலையில் பெயில் என்ற இரண்டு சின்னக் கட்டைகள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அணிக்கு 11 பேர். காசு சுண்டிப் பார்த்து, ஒரு அணி மட்டை பிடிக்கும், அடுத்த அணி பந்து போடும். மட்டை பிடிக்கும் அணியிலிருந்து ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் உள்ளே இருப்பார்கள், முனைக்கு ஒருவர். எதிரணியின் 11 பேரும் திடலில் நிற்பார்கள். பந்து வீசுகிறவர் கையை முழங்கையில் மடக்கி எறியாமல் சுழற்றிப் போட வேண்டும். பந்தை அடித்துவிட்டு, இரண்டு மட்டையாளர்களும் எதிரும் புதிருமாக ஓடி இடம் மாறினால் ஒரு ரன். பந்து தரையில் உருண்டு எல்லைக் கயிற்றைத் தொட்டால் ஓடாமலேயே 4 ரன், தரையில் படாமல் எல்லையைத் தாண்டி விழுந்தால் 6 ரன். ஒருவர் ஆறு பந்து போட்டால் ஒரு ஓவர். அப்புறம் எதிர் முனையிலிருந்து வேறொருவர் அடுத்த ஓவர் போடுவார். ஐபிஎல் இருபது ஓவர் ஆட்டம், ஆக ஓர் அணிக்கு 120 பந்து.

அவுட் ஆனவர் வெளியே போக, அடுத்தவர் வருவார். பத்துப் பேர் அவுட் ஆனால் அந்த அணியின் ஆட்டம் முடிந்தது. ஏன் பதினொன்று இல்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. ஓடி இடம் மாற இரண்டு பேர் வேண்டுமே, கடைசி ஆள் தனியாக நின்று என்ன செய்வது, அதனால்தான் பத்து. முதல் அணி எடுத்த ரன்னைவிட ஒரு ரன் கூடுதலாக எடுத்தால் இரண்டாவது அணிக்கு வெற்றி.

இதுவரை சொன்னது கணக்கு. ஆட்டம் இதற்குள்தான் இருக்கிறது. ஒருவர் அவுட் ஆனால் ஒரு விக்கெட் போச்சு என்பார்கள். அணியின் கையில் இரண்டு சேமிப்பு உண்டு, 120 பந்து ஒன்று, பத்து விக்கெட் இன்னொன்று. வீட்டுச் செலவு மாதிரிதான் இதுவும். சம்பளம் எவ்வளவு மீதி, அடுத்த சம்பளத்துக்கு எத்தனை நாள் மீதி என்று இரண்டையும் பார்த்துத்தானே நீங்கள் சந்தைக்குப் போகிறீர்கள்? ஓங்கி அடித்தால் ரன் வரும், அவுட்டாகும் ஆபத்தும் வரும். பயந்து பயந்து ஆடினால் விக்கெட் தப்பும், பந்து வீணாகும். ஒவ்வொரு பந்துக்கும் மட்டையாளர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். இன்று ராத்திரி நீங்களும் அவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள், யார் கத்தினாலும் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: டிவி மூலையில் 148/5, பக்கத்தில் 16.3 என்று போடுகிறான். அது என்ன புள்ளி மூன்று? பதினாறரைக்குக் கிட்ட என்று நினைத்தேன், மகன் சிரிக்கிறான்.
(மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்)

பதில்: மகன் சிரித்தது தப்பு. புள்ளியைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். 16.3 என்றால் 16 ஓவர் முடிந்து 17ஆவது ஓவரில் 3 பந்து போட்டாகிவிட்டது என்று பொருள், தசமக் கணக்கு இல்லை. ஆறு பந்து ஆனதும் 17 ஆகிவிடும், 16.7 என்று ஒன்று வராது. 148/5 என்றால் 148 ரன், 5 பேர் அவுட்.

கடைக் கணக்குப் போடுகிறவருக்கு இது சுலபம். எதிரணி 179 எடுத்திருக்கிறது என்று வையுங்கள். இவர்களுக்கு வேண்டியது 180. இன்னும் 32 ரன். போட்ட பந்து 99, மீதி 21. 21 பந்தில் 32 ரன், கையில் 5 விக்கெட். முடியுமா? இருபது ஓவர் ஆட்டத்தில் முடியக்கூடியதுதான். ஆனால் அடுத்த இரண்டு பந்தில் இரண்டு பேர் போய்விட்டால், அதே 32 ரன் திடீரென்று மலையாகிவிடும். ரன் எண்ணிக்கை மாறவே இல்லை, நிலைமை மாறிவிட்டது பாருங்கள். அதனால்தான் ரன்னை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: முதல் ஆறு ஓவரில் மட்டும் ஏன் அப்படி வெளுக்கிறார்கள்?
(படிவம் ஐந்து மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: பவர்பிளே தம்பி. இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் 6 ஓவருக்கு, திடலுக்குள் வரைந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே இரண்டே இரண்டு பேர்தான் நிற்கலாம். வட்டத்தைத் தாண்டித் தூக்கி அடித்தால் பிடிக்க ஆள் குறைவு. அப்புறம் ஐந்து பேர் வரை வெளியே போகலாம், அதனால் வேகம் குறையும். கடைசி நாலு ஓவரில் மறுபடி கூடும், ஏனென்றால் இருபது ஓவர் முடிந்த பிறகு மீதி இருக்கும் விக்கெட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எத்தனை விதமாக அவுட் ஆகலாம்? எனக்குத் தெரிந்தது காட்ச் ஒன்றுதான்.
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: டீச்சர், சட்டப் புத்தகத்தில் அதைவிட அதிகம் இருந்தாலும் ஐந்து தெரிந்தால் போதும், மற்றவை அபூர்வம். காட்ச் உங்களுக்குத் தெரியும், அடித்த பந்து தரையில் படுமுன் பிடிப்பது.

அடுத்தது போல்டு. பந்து நேராக வந்து ஸ்டம்பில் பட்டு பெயில் விழுந்தால் அவுட், நடுவரைக் கேட்கவே வேண்டாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது, பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2023 ஜூலையில் பாயுமாஸ் ஓவல் திடலில் சீனாவுக்கு எதிராக நம் சயாஸ்ருல் இட்ருஸ் 4 ஓவர் போட்டு 8 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்களுக்கான அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. ஏழும் போல்டு! பிடிக்க ஆள் தேவைப்படவில்லை, நடுவர் தயவும் தேவைப்படவில்லை. சீனா 23 ரன்னில் முடிந்தது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எத்தனையோ பெரிய பந்துவீச்சாளர்கள் இருக்க, அந்தச் சாதனையை முதலில் செய்தது ஒரு மலேசியர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது ரன் அவுட். ஓடி முடிப்பதற்குள் எதிரணி பந்தால் ஸ்டம்பைத் தட்டிவிட்டால் அவுட். இதற்கும் மலேசியக் கதை உண்டு. 1932இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை, அதாவது நாள் கணக்கில் நடக்கும் நீண்ட ஆட்டத்தை, இங்கிலாந்தின் லார்ட்ஸ் திடலில் ஆடியபோது, அணியில் இருந்த லால் சிங் கோலாலம்பூரில் பிறந்தவர். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரர். இங்கிலாந்தின் முதல் இரண்டு விக்கெட்டும் சட்டென்று விழுந்திருந்த நேரத்தில் பிராங்க் வூலி என்ற பெரிய மட்டையாளரை ரன் அவுட் செய்தவர் அவர்தான்.

நாலாவது ஸ்டம்பிங். ஸ்டம்பிலிருந்து நாலடி முன்னால் ஒரு கோடு இருக்கும், அதை மட்டையாளரின் வீட்டு வாசற்படி என்று நினையுங்கள். பந்தை அடிக்க வாசலைத் தாண்டி இறங்கி வந்து, அடியும் படாமல் போனால், பின்னால் இருக்கும் கீப்பர் பந்தைப் பிடித்து ஸ்டம்பைக் கலைத்துவிடுவார். தோனிக்குப் பெயர் வந்ததில் பாதி இதனால்தான் என்பேன், அவர் கை போனதும் வந்ததும் கண்ணுக்கே தெரியாது. ஐந்தாவது எல்பிடபிள்யூ, அதாவது லெக் பிஃபோர் விக்கெட். அதைத் தனியாகக் கேட்டிருக்கிறார் ஒருவர்.

கேள்வி: எல்பிடபிள்யூ யாராலும் விளக்க முடியாது என்கிறார்கள். அண்ணன் முயற்சி செய்யுங்கள் பார்ப்போம்.
(செம்பனை லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

பதில்: முடியும் தம்பி, பொறுமையாகப் படியுங்கள். முதலில் ஏன் அப்படி ஒரு விதி என்று பாருங்கள். ஸ்டம்பைக் காப்பாற்ற மட்டையாளருக்கு மட்டை கொடுத்திருக்கிறது. அவர் மட்டையை விட்டுவிட்டுக் காலைக் குறுக்கே வைத்துப் பந்தை மறித்துக்கொண்டே இருந்தால் ஆட்டமே நடக்காது. அதனால், கால் இல்லாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று நடுவர் நம்பினால் அவுட்.

இப்போது ஒரு முனை ஸ்டம்பிலிருந்து அடுத்த முனை ஸ்டம்புக்கு இரண்டு துணி காயப்போடும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பதாக நினையுங்கள், இடையில் ஒரு சாண் அகலம். அதுதான் கோடு. மட்டையாளரின் கால் பக்கம் இருக்கும் வெளிப்புறத்தை லெக் என்பார்கள், மட்டை பக்கத்து வெளிப்புறத்தை ஆஃப் என்பார்கள். நடுவர் மனதில் மூன்று கேள்வி வரிசையாக ஓடும். பந்து எங்கே குத்தியது? லெக் பக்கம் கயிற்றுக்கு வெளியே குத்தியிருந்தால் அப்போதே முடிந்தது, அவுட் இல்லை. அடுத்து, காலில் எங்கே பட்டது? இரண்டு கயிற்றுக்கும் நடுவில் பட்டிருக்க வேண்டும். ஆஃப் பக்கம் வெளியே பட்டிருந்தால், மட்டையாளர் உண்மையாகவே அடிக்க முயன்றிருந்தால் தப்பிவிடுவார், மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் மாட்டிக்கொள்வார். மூன்றாவது, பட்டிராவிட்டால் பந்து ஸ்டம்புக்குப் போயிருக்குமா, அல்லது மேலேயோ பக்கத்திலோ போயிருக்குமா? இதற்கு நடுவில் பந்து முதலில் மட்டையில் பட்டுவிட்டுக் காலில் பட்டிருந்தால் பேச்சே இல்லை, அவுட் கிடையாது.

இத்தனையும் அரை நொடியில் நடந்துவிடும். நடுவர் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு, அதற்குக் காரணம் இதுதான். இப்போது சந்தேகம் என்றால் பந்து போடும் அணியின் தலைவரோ, அவுட் கொடுக்கப்பட்ட மட்டையாளரோ மேல்முறையீடு கேட்கலாம், டிவியில் கோடு போட்டு, பந்து போன வழியைக் கணினி வரைந்து காட்டும். அந்தப் படத்தை இந்த மூன்று கேள்வியோடு நாலு தடவை பாருங்கள், உங்கள் லோரியின் கியர் மாதிரி கைவந்துவிடும்.

கேள்வி: வைட், நோ பால், பிரீ ஹிட், பை. இது எல்லாம் என்ன?
(அதே படிவம் ஐந்து மாணவர்)

பதில்: எட்டாத தூரத்தில் போட்டால் வைட். வீசுகிறவர் முன்கால் கோட்டைத் தாண்டினாலோ, தரையில் குத்தாமல் இடுப்புக்கு மேலே போட்டாலோ நோ பால். இரண்டுக்கும் எதிரணிக்கு ஒரு ரன் இனாம், பந்தையும் மறுபடி போட வேண்டும். நோ பாலுக்கு அடுத்த பந்து பிரீ ஹிட், அதில் காட்ச் பிடித்தாலும் போல்டு ஆனாலும் அவுட் இல்லை, ரன் அவுட் ஆகலாம். மட்டையிலோ உடம்பிலோ படாமல் போன பந்துக்கு ஓடி எடுத்தால் பை, காலில் பட்டு ஓடினால் லெக் பை. அந்த ரன் அணிக்குச் சேரும், மட்டையாளர் பெயரில் சேராது.

கேள்வி: வேகமாக ஓடி வந்து போடுகிறவனை அடிக்கிறார்கள், நாலு அடி நடந்து மெதுவாகப் போடுகிறவனிடம் அவுட் ஆகிறார்கள். எப்படி ஐயா?
(தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: மெதுவாகப் போடுகிறவர் பந்தைச் சுழற்றிவிடுகிறார். தரையில் குத்திய பிறகு அது நேராக வராமல் திரும்பும். மட்டையாளர் பந்து போகும் என்று நினைத்த இடத்தில் மட்டையை வைக்கிறார், பந்து ஒரு சாண் தள்ளிப் போகிறது. அப்போது மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்னால் போகும் பந்தைப் பிடிக்கத்தான் கீப்பருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார், அந்த இடத்துக்குப் பெயர் ஸ்லிப்.

இந்தக் கலையில் உச்சம் தொட்டவர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் ஆட்டத்தில் 800 விக்கெட், இதுவரை யாரும் நெருங்கவில்லை. அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் செய்தவர். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், ஏனென்றால் நம் தாத்தாக்களும் கப்பல் ஏறியது அதே மாதிரித்தான், அவர்கள் தேயிலைக்குப் போனார்கள், நம்மவர்கள் ரப்பருக்கு வந்தார்கள். 2010 ஜூலையில், இந்தியாவுக்கு எதிராக காலியில் அவருடைய கடைசி டெஸ்ட். 799இல் நின்றுவிட்டது, மறுமுனையிலும் ஆட்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எதிரணியில் மிச்சமிருந்தது ஒரே விக்கெட். அதை வேறு யாராவது எடுத்துவிட்டால் அவ்வளவுதான். கடைசியில் அவர் போட்ட பந்து ஓஜாவின் மட்டை ஓரத்தில் பட்டு ஸ்லிப்பில் நின்ற ஜெயவர்தனே கைக்குப் போனது. டெஸ்ட் வாழ்க்கையில் அவர் போட்ட கடைசிப் பந்து அதுதான்.

கேள்வி: மழை வந்தால் ஏதோ கணக்குப் போட்டு ஒருவருக்கு வெற்றி என்கிறார்கள். குறைவாக ரன் எடுத்தவன் எப்படி ஜெயிக்கிறான்? அநியாயமாக இல்லையா?
(கோப்பிக் கடை முதலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: மாலையானால் மழை வரும் பேராக்கில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அநியாயம் முன்பு இருந்தது. 1992 உலகக் கிண்ண அரையிறுதியில், சிட்னியில், தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தபோது மழை வந்தது. நின்ற பிறகு அன்றைய விதிப்படி பந்தைக் குறைத்தார்கள், ரன்னை ஒன்று மட்டும் குறைத்தார்கள். ஒரே பந்தில் 21 ரன்! எப்படி எடுப்பது? அதற்குப் பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் ஒரு முறை கண்டுபிடித்தார்கள், 1997இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு ஸ்டெர்ன் என்பவர் அதைச் செப்பனிட்டதால் இப்போது டிஎல்எஸ்.

அதன் உள்ளே இருப்பது எங்கள் டிரஸ்ஸர் ஐயா சொன்னதேதான். பந்து எத்தனை மீதி, விக்கெட் எத்தனை மீதி, இரண்டையும் சேர்த்து அணியின் கையில் எவ்வளவு பலம் மிச்சம் என்று அளந்து, அதற்கேற்ப இலக்கை மாற்றுகிறார்கள். 2006இல் பூச்சோங் கின்ராரா ஓவலில் சச்சின் டெண்டுல்கர் அவுட் ஆகாமல் 141 அடித்தார், இந்தியா 50 ஓவரில் 309. மேற்கிந்தியத் தீவுகள் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 141 எடுத்திருந்தபோது மழை கொட்டி ஆட்டம் நின்றது. வெற்றி அவர்களுக்கு, 29 ரன் வித்தியாசத்தில். 309 எங்கே 141 எங்கே என்று தோன்றும். ஆனால் இன்னும் 30 ஓவரும் 8 விக்கெட்டும் அவர்கள் கையில் இருந்ததைப் பாருங்கள். அந்த இடத்தில் எடுத்திருக்க வேண்டியதைவிட அவர்கள் 29 ரன் முன்னால் இருந்தார்கள், அவ்வளவுதான். இந்திய ரசிகனாக எனக்கு அன்று வருத்தம்தான், கணக்கு சரி.

கேள்வி: நான் முப்பத்தெட்டு வருடம் பால் மரம் வெட்டியவன். ஐந்து நாள் ஆடி யாருக்கும் வெற்றி இல்லை என்கிறார்களே, அதுவும் ஒரு ஆட்டமா?
(ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட் அருகில்)

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் இதை நன்றாகச் சொல்ல முடியும். நல்ல மரத்தை எப்படி வெட்டுவீர்கள்? பட்டையை மட்டும் மெல்லிசாக, மரத்தில் காயம் படாமல். நாளைக்கும் பால் வேண்டும், பத்து வருடம் கழித்தும் வேண்டும். ஆனால் மறுநடவுக்காக மரத்தைச் சாய்க்கப் போகிறார்கள் என்றால்? அப்போது மேலேயும் கீழேயும் வெட்டி, இருக்கிற பாலை எல்லாம் எடுத்துவிடுவார்கள். இருபது ஓவர் ஆட்டம் சாய்க்கப் போகும் மரம். டெஸ்ட் ஆட்டம் நிற்கிற மரம்.

ஐந்து நாளில் பந்துக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுக்குத்தான் பஞ்சம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு முறை மட்டை பிடிக்க வாய்ப்பு. ஜெயிக்க வேண்டும் என்றால் எதிரணியை முழுதாக அவுட் ஆக்க வேண்டும். ஆக, தோற்கும் நிலையில் இருக்கும் அணி அவுட் ஆகாமல் கடைசி நாளைத் தாண்டிவிட்டால் சமம். 2021 ஜனவரியில் சிட்னியில் நம் சென்னை அஷ்வினும் ஹனுமா விஹாரியும் அப்படித்தான் நின்றார்கள். விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை, அஷ்வினுக்கு முதுகுவலி. விஹாரி 161 பந்து ஆடி எடுத்தது 23 ரன், அஷ்வின் 128 பந்தில் 39. ஆஸ்திரேலியாக்காரர்கள் உடம்பைக் குறிவைத்துப் போட்டுப் பார்த்தார்கள், இருவரும் அசையவில்லை. ஆட்டம் சமம். அதைப் பார்த்த பிறகு யாரிடமும் நான் டெஸ்ட்டை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

கேள்வி: வெள்ளைக்காரத் துரைகள் இருந்த தோட்டத்தில் நம்மவர்கள் ஏன் காற்பந்து ஆடினார்கள், கிரிக்கெட் ஆடவில்லை?
(ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: என் கணிப்பைச் சொல்கிறேன். காற்பந்துக்கு ஒரே ஒரு பந்து போதும், செருப்பு இல்லாமலும் ஆடலாம், வேலை முடிந்து இருட்டுவதற்குள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிரிக்கெட்டுக்கு மட்டை, காப்பு, சமமான தரை, முழு நாள் ஓய்வு எல்லாம் வேண்டும். அது துரைமார்களின் கிளப்புகளில் இருந்தது. கோலாலம்பூரில் இன்றைய மெர்டேக்கா சதுக்கம் இருக்கும் இடம் அப்போது சிலாங்கூர் கிளப் கிரிக்கெட் ஆடிய பாடாங்தான். நம்மவர்கள் வேலிக்கு வெளியே இருந்தார்கள்.

கேள்வி: என் மகள் படிவம் இரண்டு. பள்ளியில் கிரிக்கெட் சேர்ந்திருக்கிறாள். பந்து கல் மாதிரி இருக்கிறதே, பொம்பளைப் பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வது?
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: பயம் நியாயம்தான் அக்கா. தக்கையைச் சுற்றி நூல் இறுக்கி, மேலே தோல் தைத்த பந்து. ஆண்கள் ஆடும் பந்து 160 கிராம் பக்கம் எடை இருக்கும், பெண்கள் ஆடுவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. பட்டால் நிச்சயம் வலிக்கும். அதனால் மூன்று விஷயம் பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்: தோல் பந்தைத் தொடுவதற்கு முன் டென்னிஸ் பந்தில் பழக்குகிறார்களா, முகக்கம்பி வைத்த ஹெல்மெட் அவள் தலைக்குச் சரியாக இருக்கிறதா, கால் காப்பும் கையுறையும் அவள் அளவில் இருக்கிறதா. பெரியவர்கள் சாமானைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுதான் ஆபத்து. மட்டையும் அப்படியே, கனமான மட்டை கொடுத்தால் மணிக்கட்டு போய்விடும்.

பொம்பளைப் பிள்ளை என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2025இல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் நம் நாட்டில்தான் நடந்தது. மலேசியப் பிள்ளைகளும் ஆடினார்கள். இந்தியாவிடம் 31 ரன்னில் எல்லாரும் அவுட், உண்மைதான். ஆனால் உலகக் கிண்ணத் திடலில் மலேசியச் சட்டை போட்டு நின்றார்கள். கிண்ணத்தை வென்ற அந்த இந்திய அணியில் கீப்பராக ஆடிய கமலினி தமிழ்நாட்டுப் பெண். உங்கள் மகளுக்கு அந்த ஆட்டங்களைக் காட்டுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: ஐபிஎல் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடிகிறது. காலையில் ஐந்தரைக்கு வேலை. எதைப் பார்ப்பது?
(செம்பனைத் தோட்டத்து மண்டோர்)

பதில்: இந்தியாவில் ஏழரை என்றால் நமக்குப் பத்து, மாற்ற வழியில்லை. முதல் ஆறு ஓவரைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கடைசி ஐந்து ஓவரைக் காலையில் பசியாறும்போது கைப்பேசியில் பாருங்கள், முடிவை யாரும் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும். சனி, ஞாயிறில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டமும் வரும், பிள்ளைகளோடு பார்க்க அதுதான் தோது.

கேள்வி: அங்கிள், நாங்கள் நாலு பேர்தான் இருக்கிறோம். மட்டையும் இல்லை. ஆட முடியுமா?
(ஆறாம் ஆண்டு மாணவன், தோட்டத்திலிருந்து)

பதில்: நன்றாக ஆடலாம் தம்பி! காய்ந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்து, பெரியவர் யாரையாவது கைப்பிடி சீவித் தரச் சொல். நீங்களாகக் கத்தியைத் தொடாதீர்கள். ஸ்டம்புக்கு ஒரு பெயிண்டு வாளியைக் கவிழ்த்து வை. டென்னிஸ் பந்து ஒன்று. ஒருத்தன் அடிக்க, ஒருத்தன் போட, ஒருத்தன் வாளிக்குப் பின்னால், ஒருத்தன் தூரத்தில். எதிர்முனையில் ஒரு கல் வைத்து, அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு ரன். ஆளுக்கு மூன்று ஓவர், அவுட் ஆனால் மட்டை கைமாறும். எல்பிடபிள்யூ வேண்டாம், சண்டை வரும். வீட்டுக் கூரை மேல் தூக்கி அடித்தால் அவுட் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பந்து செம்பனைக்குள் போனால் அடித்தவன் மட்டும் தேடப் போகக் கூடாது, நாலு பேரும் சேர்ந்தே போங்கள், கையில் ஒரு நீளக் குச்சியோடு, பாம்பு இருக்கும்.